வற்றும் குட்டைகளும் தவளைகளும்: கணக்கில் வராத ஈரநிலங்கள்

கோடை முடிந்து முதல் பெருமழை கொட்டிய இரவில், வயலோரப் பள்ளங்களில் இந்தியப் பெருந்தவளையின் ஆண்கள் கூடுகின்றன. ஆண்டு முழுவதும் பாசியும் மண்ணும் கலந்த நிறத்தில் கண்ணில் படாமல் திரிந்தவை, அந்த ஓரிரு நாட்களுக்கு மட்டும் பளிச்சென்ற மஞ்சளாக மாறிவிடும். தாடையின் இருபுறமும் நீலக் குரற்பைகள் உப்பி எழ, அவை எழுப்பும் ஓசை ஊர் எல்லை வரை கேட்கும். முட்டையிட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் போதும், தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறிவிடும். அந்த ஒரு மாதத் தண்ணீர் எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கு வருவாய்ப் பதிவேட்டில் என்ன பெயர், அதை நிரப்பி மேடாக்கினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? சமவெளித் தவளைகளின் எதிர்காலம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே இருக்கிறது.

உலக அளவில் நிலைமை தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. 2023 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியான இரண்டாவது உலக இருவாழ்விகள் மதிப்பீடு, 8,011 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 40.7 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாகக் கணித்தது. 1980-ஆம் ஆண்டின் நிலைக்கு இதே கணக்கைப் போட்டால் கிடைப்பது 37.9 விழுக்காடு. முதுகெலும்புள்ள உயிர்களில் வேறெந்த வகுப்பும் இந்த அளவு நெருக்கடியில் இல்லை. வாழிடம் பறிபோவதே இன்றும் முதற் காரணம்; 2004-க்குப் பிறகு நிலை மோசமான இனங்களைப் பொறுத்தவரை காலநிலை மாற்றமும் பெரிய காரணமாக முன்னுக்கு வந்திருக்கிறது. ஆனால் நம் சமவெளியில் நாள்தோறும் கண்ணில் படும் பெருந்தவளை, வயல்தவளை, சொறித்தவளை போன்றவை உலகப் பட்டியலில் 'கவலை குறைந்தவை' என்ற பிரிவில்தான் இருக்கின்றன. அந்த மதிப்பீடு பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரை பரவிய ஓர் இனத்தின் மொத்த நிலையைச் சொல்வது. ஒரு வட்டாரத்தில் அதன் குரல் அடங்கிப்போனாலும் பட்டியலில் எந்த எழுத்தும் மாறாது. அதனால்தான் பட்டியலை மட்டும் பார்த்து நிம்மதி கொள்வது தவறு என்று நினைக்கிறேன்.

தவளைக்கு ஏன் வற்றும் நீர் வேண்டும் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது. அதன் தோல் நீரையும் காற்றையும் நேரடியாக உள்வாங்குவது. முட்டையும் தலைப்பிரட்டையும் மீனுக்கு எளிதான இரை. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரியில் மீன் இருக்கும். மார்கழியில் நிறைந்து மாசியில் காயும் குட்டையில் மீன் நிலைக்காது. ஆகவே பெரும்பாலான சமவெளித் தவளைகள், குட்டை காய்ந்துவிடும் என்ற ஆபத்தை ஏற்றுக்கொண்டு மீனின் ஆபத்திலிருந்து தப்பும் வழியைப் பிடித்திருக்கின்றன. சில வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் அவசரம் அவற்றின் உடலிலேயே அமைந்திருக்கிறது. குட்டை வற்றுவது குறையல்ல, அவற்றின் வாழ்க்கைக்கு வேண்டிய நிபந்தனை.

இந்த நிபந்தனைக்குள் ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. சொறித்தவளை, கறுப்பு மணிகள் கோத்ததுபோல் நீண்ட பசைச்சரமாக முட்டைகளை ஆழமில்லாத நீரில் செடித்தண்டுகளைச் சுற்றி இடுகிறது. வீட்டுச் சுவரிலும் குளியலறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரை, நீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ தொட்டியின் உட்சுவரிலோ, தன் சுரப்பைப் பின்னங்கால்களால் அடித்து வெண்ணுரைக் கூடு கட்டுகிறது. நுரையின் மேற்புறம் காய்ந்து இறுகிவிட, உள்ளே ஈரம் நிற்கும், சில நாட்களில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே நீரில் விழும். கீழே நீர் இல்லாதபோது அவை விழுவது காய்ந்த மண்ணில். மண்ணுக்குள் வாழும் தவளையின் பின்பாதத்தில் மண்ணைத் தள்ளுவதற்கென்றே ஒரு தட்டையான தடிப்பு இருக்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே பின்னோக்கி மண்ணைக் கிளறிக்கொண்டு, சுழன்றபடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்முன் அது இறங்கி மறைந்துவிடும். மழையற்ற மாதங்கள் முழுவதும் அது கிடக்கும் இடம் அந்த மண்தான். ஈரநிலப் பாதுகாப்பு என்றால் தண்ணீரைச் சுற்றி வேலி போடுவது என்று நினைப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: தவளை தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது நீருக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள புதரிலும் வரப்பிலும் மண்ணிலும்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உருவாக்கி 2011-இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு, நாட்டில் மொத்தம் 7,57,060 ஈரநிலங்களைக் கணக்கிட்டது. இவற்றுள் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 மட்டுமே எல்லை வரைந்து குறிக்கப்பட்டவை. மீதி 5,55,557 வெறும் புள்ளிகள். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு வழங்கச் சொன்னது எல்லை வரையப்பட்ட அந்த 2,01,503 ஈரநிலங்களுக்குத்தான். அதே ஆண்டில் வெளியான ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், ஈரநிலம் எது என்ற வரையறையிலிருந்து ஆற்றுப்போக்குகளையும், நெல்வயல்களையும், குடிநீருக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளையும், மீன்வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே அமைத்தவற்றையும் விலக்கிவிட்டன. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதன் பொருள் மிகப் பெரிது. இங்குள்ள சுமார் 39,000 ஏரி குளங்களில் பெரும்பாலானவை பாசனத்துக்கென்று முன்னோர் கட்டியவை. அவற்றின் கீழே விரியும் ஆயக்கட்டு நெல்வயல். இவை இரண்டும் விதியின் வரையறைக்கு வெளியே நிற்க, இரண்டிலும் சேராத பள்ளமும் குட்டையும் 2.25 ஹெக்டேர் என்ற கோட்டுக்குக் கீழே நழுவிவிடுகின்றன. அதாவது நம் சமவெளித் தவளைகள் முட்டையிடும் இடங்களில் ஏறக்குறைய எதற்குமே இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் மாநிலம் கொண்டுவந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் அதன் நோக்கம் ஏரியின் எல்லையைக் காப்பது, ஏரிக்குள் வாழ்பவற்றைக் காப்பது அல்ல.

சட்டப் பாதுகாப்பு கிடைத்த இடத்திலும் தவளையின் தேவை முழுமையாக நிறைவேறுவதில்லை என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஓர் எடுத்துக்காட்டு. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பு, குப்பைக் கிடங்கும் சாலைகளும் குடியிருப்புகளும் நிறுவனங்களும் விழுங்கியதுபோக ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த வெற்றிகளுக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் மீட்பின் அடையாளமாக நாம் எண்ணிக் காட்டுவது பூநாரைகளையும் வாத்துகளையும். பறவைக்குச் சதுப்பின் நடுப்பகுதி போதும். பறந்து வந்து பறந்து போகும். தவளைக்கு வேண்டியது சதுப்பின் விளிம்பு: மழைக்காலத்தில் கணுக்கால் அளவு நீர் ஏறி, தை மாசியில் பின்வாங்கும் புல்வெளி. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் அந்த விளிம்புதான் முதலில் மேடாக்கப்பட்டு மனைகளானது. சதுப்பைப் பிளந்து செல்லும் துரைப்பாக்கம் சாலையைக் கொக்கு கடக்கும், தவளையால் கடக்க முடியாது.

ஏரி மராமத்து என்ற பெயரில் நடப்பதையும் இங்கே பேசியாக வேண்டும். தூர்வாருவது தேவையான வேலை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக நகரங்களிலும் ஊரகங்களிலும் பின்பற்றப்படும் முறை ஒன்றே ஒன்றுதான். பொக்லைன் இறங்கி, ஏரியில் நீர் நிற்கும் உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டி, மண்ணைக் கரையில் கொட்டி உயர்த்தி, நகரமாக இருந்தால் உட்புறச் சரிவில் கல்லோ கான்கிரீட்டோ பதித்து மேலே நடைபாதை போடுகிறார்கள். பழைய ஏரியில் கரைப்பக்கம் ஆழமாகவும், நீர் வரும் பக்கம் மெல்ல மெல்ல மேடேறி வயலோடும் புறம்போக்கோடும் கலப்பதாகவும் இருந்த அமைப்பு மறைந்து, எல்லாப் பக்கமும் செங்குத்தான ஒரு தொட்டியாக ஏரி மாறுகிறது. கொள்ளளவு கூடும் என்பது உண்மை. ஆனால் கோரையும் நாணலும் முளைக்க இடமில்லை, முட்டையிட ஆழமற்ற ஓரமில்லை, கரையேறும் குஞ்சுத் தவளை ஒதுங்க நிழலில்லை. வேலை நடக்கும் காலமும் கோடைதான். வயலுக்கு உரமாக டிராக்டரில் ஏறும் வண்டல் மண்ணோடு, அதற்குள் கோடை கழிக்க இறங்கியிருந்த உயிர்களும் ஏறிப்போகின்றன. அரசு உதவியோடு வெட்டப்படும் பண்ணைக்குட்டைகளிலும் இதே குறை உண்டு: செங்குத்தான பக்கங்களில் பிளாஸ்டிக் தாள் விரித்துவிட்டால், உள்ளே விழுந்த தவளை ஏறி வரப் பிடிமானம் கிடையாது. ஒரு மூலையில் மட்டும் சாய்வாக மண் தளம் விட்டாலோ, ஒரு பழைய சாக்கையோ கட்டையையோ நீருக்குள் சாய்த்துப் போட்டாலோ போதும். இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை.

நீரின் அமைப்பைப் போலவே நீருக்குள் நாம் விடுவதும் முக்கியம். மலேரியாவைக் கட்டுப்படுத்த 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன் இன்றும் கொசு ஒழிப்பின் பெயரால் கிணறுகளிலும் குளங்களிலும் விடப்படுகிறது. அது கொசுப்புழுவை மட்டும் தின்னும் மீன் அல்ல; தவளை முட்டையையும் சிறு தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வெள்ளத்தோடு கால்வாய் வழியே பரவி, முன்பு மீனில்லாமல் இருந்த குட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. கொசுவை ஒழிக்க நினைப்பவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் பூஞ்சை நோயால் தவளைகள் பெருமளவில் மடிந்த பகுதிகளில், அடுத்து வந்த ஆண்டுகளில் மலேரியா கூடியதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கண்டுபிடிப்பை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் தவளை இல்லாத குளம் நலமான குளம் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

நெல்வயலில் சிக்கல் வேறு வகை. நாற்று நட்ட மூன்றாம் நாள் வாக்கில் களைக்கொல்லி இடுவது பரவலான பழக்கம். பியூட்டகுளோர் நெடுங்காலமாகப் புழங்கும் மருந்து. வயலில் மெல்லிய நீர் நிற்கும் அந்த வாரத்தில்தான் வயல்தவளையின் முட்டைகளும் பொரித்து வருகின்றன. தைவானில் வயல்தவளையின் தலைப்பிரட்டைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு, இம்மருந்து கலந்த நீரில் அவை பிழைப்பது குறைவதைக் காட்டியது. உழவர் மீது பழி சுமத்துவதில் பயனில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் அவருக்கு வேறு வழி குறைவு. ஆனால் வயலின் ஒரு மூலையிலோ வாய்க்கால் ஓரத்திலோ மருந்து படாத சிறு பள்ளம் ஒன்றை விட்டுவைப்பது நடக்கக்கூடிய காரியம். கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியால் களை மிதிக்கும் திருந்திய நெல் சாகுபடி வயல்களில் இந்த மருந்துத் தேவையே குறைகிறது.

வயலுக்குத் தவளை எவ்வளவு வேண்டியது என்ற பாடத்தை நாடு ஒருமுறை கற்றிருக்கிறது. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் இந்தியா ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால்களை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தது. இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் பிடிபட்டவை பெருந்தவளையும் குளத்துப் பச்சைத் தவளையும். 1985-இல் இவ்விரண்டும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. பூச்சித்தாக்குதல் பெருகும், பூச்சிமருந்துச் செலவு ஏறும் என்று அறிவியலாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் அன்று முன்வைத்த வாதத்துக்கு அரசு செவிசாய்த்தது. அந்நியச் செலாவணி தேடித் தவித்த காலத்தில் எடுத்த முடிவு அது. பிடிப்பதைத் தடுக்க முடிந்த நாட்டில், முட்டையிடும் இடத்தைக் காக்கும் ஏற்பாடு மட்டும் இன்றுவரை உருவாகவில்லை.

மலைக்கு ஏறினால் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2003-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத்தவளையின் நெருங்கிய உறவினங்கள் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. அதன் மற்றோர் இனம் 2017-இல் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாகப் பெயர் பெற்றது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழும் இவை, மழையின்போது சில நாட்கள் மட்டும் வெளியே வந்து ஓடைகளில் முட்டையிடுகின்றன; தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு பாயும் நீரில் வளர்கின்றன. சமவெளித் தவளைக்கு நிற்கும் நீர் வேண்டும் என்றால் இதற்கு ஓடும் நீர் வேண்டும். ஒரே விதியை எல்லா இடத்துக்கும் எழுத முடியாது என்பதற்கு இதுவே சான்று. நல்லெண்ணத்தோடு கட்டும் ஒரு தடுப்பணை கூட அங்கே கேடாக முடியலாம். ஆனைமலையில் காட்டுச் சாலைகளில் நசுங்கும் தவளைகளையும் பாம்புகளையும் பற்றிய ஆய்வு 2001-லேயே வெளிவந்துவிட்டது. மழை இரவுகளில் அத்தகைய சாலைகளில் வண்டிகளைக் குறைப்பதும், தார் போடும்போது அடியில் குழாய்ப்பாதை விடுவதும் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளவை.

தவளை குறைந்துவிட்டது என்றதும் வேறிடத்திலிருந்து பிடித்து வந்து விடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். இதைத் திட்டவட்டமாக மறுக்க வேண்டும். இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை, 2019-இல் வெளியான கணக்கின்படி உலகில் 501 இனங்களின் சரிவுக்கும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்துபோனதற்கும் காரணம்; உயிருள்ள தவளைகளின் வணிகம் அதைக் கண்டம்விட்டுக் கண்டம் பரப்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் போன்ற கூட்டச்சாவு இங்கே பதிவாகவில்லை என்பது நமக்கு வாய்த்த நற்பேறு, அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. நோய் இல்லாவிட்டாலும் இடமாற்றம் கேடு செய்யும்: மீன்குஞ்சுகளோடு கலந்து அந்தமானுக்குப் போன நம் பெருந்தவளை, அங்கே உள்ளூர் உயிர்களை வேட்டையாடும் ஊடுருவிய இனமாகிவிட்டது.

தவளையைக் கொண்டுவர வேண்டியதில்லை, நீரைக் கொடுத்தால் அவையே வரும் என்பதற்கு இதுவரை கிடைத்த வலுவான சான்று சுவிட்சர்லாந்தின் ஆர்கவ் மாநிலத்தில் உள்ளது. அங்கே 1990-களிலிருந்து நூற்றுக்கணக்கான புதிய குட்டைகளை வெட்டினார்கள். இருபது ஆண்டுத் தரவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, குட்டைகளில் முட்டையிடும் 12 இருவாழ்வி இனங்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பகுதியிலாவது பெருகியதைக் கண்டது. மரத்தவளை மிக நன்றாக மீண்டது நீர்மட்டம் ஏறி இறங்கும் குட்டைகளில். சாலைகளும் விளைநிலங்களும் நெருக்கிய நிலப்பரப்பில், வேறு இடர்கள் எதுவும் நீங்காத நிலையிலும், ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் பல குட்டைகள் இருந்ததே இதைச் சாதித்தது. ஊருக்கு ஒரு பெரிய ஏரி என்பதைவிட, ஏரியும் ஊரணியும் தாங்கலும் பள்ளமும் வாய்க்காலால் கோக்கப்பட்ட நம் பழைய ஏரித்தொடர் அமைப்பு இதற்கு மிக நெருங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஈரநில விதிகள் கைவிட்ட இடத்தில் வேறொரு வழி திறந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் உயிர்வளத்தை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அது எழுதி வைக்க வேண்டும். இப்பதிவேட்டில் ஈரநிலத்தின் பரப்பளவுக்குக் கீழ்வரம்பு கிடையாது. பாசனக் குளம், குடிநீர்க் குளம் என்ற விலக்கும் கிடையாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இச்சட்டத்தின் கீழ்தான். அங்குள்ள 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் அனைத்தும் அறிவிப்பில் இடம்பெற்றன. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்த ஊர்களை நெருங்கியபோது மக்கள் கைகாட்டிய ஆவணங்களில் இந்த அறிவிப்பும் ஒன்று. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லா ஊரும் அரிட்டாபட்டி ஆகிவிட முடியாது. ஆனால் மழை பெய்த இரவில் எந்தப் பள்ளத்தில் எந்தத் தவளை கத்துகிறது என்பதை ஊரில் மாடு மேய்ப்பவரும் நீர் பாய்ச்சுபவரும் அறிவார்கள். சர்வே எண்ணோடும் மாதத்தோடும் அது பதிவேட்டில் ஏறிவிட்டால், அடுத்த முறை மராமத்துக்கான மதிப்பீடு தயாராகும்போது, நீர் வரும் பக்கத்துச் சரிவை வெட்டாமல் விடுங்கள் என்று கிராமசபையில் எழுந்து கேட்பதற்குக் கையில் ஒரு பக்கம் இருக்கும்.